கம்பளி சுற்றிய பானை

கொட்டகலை
1936 ஐப்பசி 12

என் நாகலெட்சுமிக்கு,

நீ இலங்கையை விட்டு முசிறி போய்ச் சேர்ந்ததை உன் அண்ணன் எழுதித்தான் தெரிந்துகொண்டேன். நீயே ஒரு வரி எழுதியிருக்கலாம். கோபமில்லை, சின்ன வருத்தம்தான்.

நம் பூரணி காய்ச்சலில் போய் வருஷம் திரும்பப் போகிறது. மூன்று வயசுக் குழந்தையைப் பறிகொடுத்தவளிடம் சிரி என்று சொல்ல எனக்கு வாய் வராது. கடையை விற்றுவிட்டு ஊரோடு வந்துவிடும்படி உன் அண்ணன் எழுதியிருக்கிறார். உன் மனசு என்ன என்று அதில் இல்லை. உன்னை வா என்று நான் கூப்பிடப் போவதில்லை. உனக்காக ஓர் ஆசை வந்தால் வா. அதுவரைக்கும், கடிதம் எழுதும்போதெல்லாம் அன்றைக்கு உனக்குப் பிடித்திருந்த ஏதாவது ஒன்றை எழுது. எவ்வளவு சின்னதானாலும் சரி.

நான் ஆரம்பிக்கிறேன். காலையில் கடைப் பலகையைக் கழற்றினால் தெரு முழுக்க மூடுபனி. எதிரே இருக்கும் காப்பிக் கடை தெரியவில்லை, காப்பி ஆற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பனியே காப்பி ஆற்றுகிறது போல என்று நினைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டேன்.

உன்
சுந்தரலிங்கம்


முசிறி
ஐப்பசி 20

அத்தானுக்கு நமஸ்காரம்.

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அண்ணி நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். வெயில் அடிக்கிறது. பிடித்தது என்று எழுத எனக்கு ஒன்றுமில்லை. பொய் எழுதச் சொல்லாதீர்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்?

நாகலெட்சுமி


கொட்டகலை
ஐப்பசி 28

நாகு,

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாயே, அதுவே எனக்கு இன்றைக்குப் பிடித்தது.

இட்லி சுடலாம் என்று துணிந்தேன். மாவை இரண்டு ராத்திரி மூலையில் வைத்தும் அது அசையவில்லை. அரைத்ததை வீணாக்க மனமின்றி அப்படியே ஊற்றி அவித்தேன். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ராசம்மா வந்தாள். உன்னோடு கதை பேசிக்கொண்டு நிற்பாளே, அந்தக் கொழுந்து பறிக்கிற பெண்தான். நான் தின்ன வைத்திருந்த இட்லியில் ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, "மொதலாளி, இதுல நாலு குடுங்க. எங்க லயத்து வீட்டுக் கூரைத் தகரத்து மேல வச்சா எந்தக் காத்துக்கும் பறக்காதுங்க" என்றாள். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை.

சுந்தரலிங்கம்


முசிறி
கார்த்திகை 6

அத்தானுக்கு,

அந்தக் குளிரில் ஊரில் வைப்பதுபோல மூலையில் வைத்தால் மாவு எப்படிப் பொங்கும்? இத்தனை வருஷம் நான் என்ன செய்தேன் என்று ஒருநாளாவது அடுப்படிப் பக்கம் வந்து பார்த்திருந்தால்தானே தெரியும். உப்புப் போட்டுக் கையால் கலக்குங்கள், கரண்டி போடக்கூடாது. பானையைக் கம்பளியால் நன்றாகச் சுற்றி, அடுப்பு அணைந்த பிறகு அதை ஒட்டி வையுங்கள். விடியும்வரை மூடியைத் தொடக்கூடாது. உங்களுக்குப் பொறுமை போதாது, அதனால் சொல்கிறேன்.

ராசம்மா சொன்னதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி என்னவென்று கேட்டார். நான் சொல்லவில்லை.

நாகலெட்சுமி


கொட்டகலை
கார்த்திகை 14

நாகு,

மாவு பொங்கிவிட்டது. மூடியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் இருந்த ஒரு கம்பளியை நான் போர்த்தியிருந்தேன், மற்றதை நீ கொண்டுபோய்விட்டாய். பெட்டியைத் திறந்தேன். பூரணியின் சிவப்புக் கம்பளி இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதைத்தான் எடுத்துப் பானைக்குச் சுற்றினேன். அவள் தூங்கும்போது இரண்டு முனையையும் இழுத்து நீ ஒரு முடிச்சுப் போடுவாயே, அதே மாதிரி முடிந்தேன். காலையில் தொட்டுப் பார்த்தால் கம்பளி வெதுவெதுப்பாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து இட்லி ஊற்றினேன். நன்றாக வந்தது.

கேட்காமல் எடுத்தது தப்பென்றால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

சுந்தரலிங்கம்


கொட்டகலை
மார்கழி 10

நாகு,

தபால்காரர் நம் கடையைத் தாண்டும்போது இப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். பாவம், அவர் என்ன செய்வார்.

கம்பளியைத் துவைத்து, கரியடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து அதில் உலர்த்தி, பழையபடி பெட்டியில் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு மாவு அரைக்கவில்லை. ஊரிலேயே இருப்பதுதான் உன் விருப்பம் என்றால் கடையை விற்க எனக்குச் சம்மதம். உன் அண்ணனிடம் சொல்லிவிடு.

பிடித்தது எதுவும் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. இன்றைக்கு ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகிறவர்கள் ரயிலில் பாடிக்கொண்டே போனார்கள். ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பாட்டு நின்றுவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் அவர்கள் இன்னும் பாடிக்கொண்டுதான் இருப்பார்கள் என்று நினைத்தபடி, பனி இறங்கும்வரை அங்கேயே நின்றேன்.

சுந்தரலிங்கம்


முசிறி
மார்கழி 22

அத்தானுக்கு,

உங்கள் கார்த்திகைக் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யாரும் தொடக்கூடாது என்றுதானே அதைப் பெட்டியில் வைத்தேன். இனி அந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று எழுதி, தபாலில் போடாமல் கிழித்தேன்.

இங்கே அண்ணி மாவை அரைத்து மூலையில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். விடிந்தால் தானே வழிந்து கிடக்கிறது. அதை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. நான் மட்டும் விடிவதற்குள் எழுந்துபோய் மூடியைத் திறந்து பார்க்கிறேன். பொங்கியிருக்கும் என்று தெரியும், இருந்தும் பார்க்கிறேன். பார்த்தால் மனசுக்கு நன்றாக இருக்கிறது. முந்தாநாள் அண்ணி பார்த்துவிட்டு, "என்ன நாகு, தொட்டில்ல புள்ளையப் பாக்குற மாதிரி பாக்குற" என்று சொன்னார். அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன்.

அத்தான், நீங்கள் கடைக்குப் போனபிறகு அந்தக் கம்பளியை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். எப்போது தொட்டாலும் சில்லென்றுதான் இருந்தது. அது வெதுவெதுப்பாக இருந்தது என்று எழுதியிருந்தீர்களே. நானும் அப்படித் தொட்டுப் பார்க்க வேண்டும். நீங்கள் கேட்ட ஆசை இதுதான்.

கடையை விற்க வேண்டாம். பொங்கல் கழிந்ததும் அண்ணன் கூட்டிக்கொண்டு வருகிறார். புறப்படும்போது தந்தி அடிக்கச் சொல்கிறேன். காலை ரயிலில் வந்து இறங்குவோம். முதல் நாளே மாவை அரைத்து அந்தச் சிவப்புக் கம்பளியைச் சுற்றி வையுங்கள். முடிச்சை அவிழ்க்காதீர்கள், நான் வந்து அவிழ்க்கிறேன்.

உங்கள்
நாகு