ஆறு பக்கத்தை ஒரு பக்கமாக்கிய கூலி

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்காலுக்கும் மாடிப்படிக்கும் மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருப்பாய் என்று நம்புகிறேன். உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அன்றிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது, வீட்டுக்குள்ளும் ஷூ போட்டுக்கொண்டு நடந்து அம்மாவிடம் திட்டு வாங்குகிறான். நம் சலூனில் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த நாற்காலியை ஒருவழியாக மாற்றிவிட்டேன். நிற்க, நம் சலூனுக்கு வரும் மேனேஜர் ஓய்வு பெற்ற விழாவுக்குப் போயிருந்தேன், நீ அவருக்கு எழுதிக் கொடுத்த பேச்சைக் கேட்கத்தான் போனேன். மற்றவர்கள் பேசும்போது பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்த்தார்கள், மீதிப் பேர் சாப்பாட்டு மேசையைப் பார்த்தார்கள். மேனேஜர் எழுந்து, தான் வேலையில் சேர்ந்த முதல் நாள் எலக்ட்ரீஷியனை முதலாளி என்று நினைத்துக் கும்பிட்ட கதையைச் சொன்னதும் மண்டபமே குலுங்கியது. அடுத்து, அன்னைக்கு வச்ச கும்பிடை நான் இன்னும் திருப்பி எடுத்துக்கல என்றார் பார், பின்வரிசையில் அந்த எலக்ட்ரீஷியன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். எழுதியது என் பெண் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல நாக்கு துடித்தது, வெளியே தெரியக்கூடாது என்று நீ சொன்னதால் வாயைப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

மறுவாரம் அவர் முடி வெட்ட வந்தார். உங்க பொண்ணு கெட்டிக்காரிங்க, நான் ஆறு பக்கம் எழுதி அனுப்பினேன், ஒரே பக்கமாக்கிட்டா, வார்த்தைக்கு இவ்வளவுன்னு பேசினதால ஒரு பக்கத்துக்குத்தான் காசு குடுத்தேன், எனக்கு லாபம் என்றார். நல்ல மனுஷர்தான், மறைக்கத் தெரியாது. அப்போ நானும் இனிமே கீழ விழுற முடியை எடை போட்டுத்தான் காசு வாங்கணும், உங்களுக்கு முக்கால்வாசி இலவசம் என்றேன், போர்த்தியிருந்த துணி ஆடும்படி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கேயோ நாலாம் பக்கத்து மூலையில் போகிற போக்கில் எழுதியிருந்த அந்தக் கும்பிடைக் கண்டுபிடித்து, மற்றப் பக்கங்களில் அவர் அடுக்கியிருந்த விருதையும் பதவியையும் தூக்கி எறிந்தாயே, அந்தத் துணிச்சலுக்கு யார் காசு கொடுத்தார்கள்? எனக்கு அப்படி ஒரு கண் கிடையாது அம்மா, உனக்கு எங்கிருந்து வந்ததோ.

இப்போது அவர் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதித் தரக் கேட்கிறார், அப்பாவோட வாடிக்கையாளராச்சே, அதே ரேட்டுக்குச் செஞ்சிடறேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து மனசே சரியில்லை. ஆறேழு மாதம் வேறு வேலை எடுக்க முடியாது என்கிறாய், பிறகு வாடகைக்கு என்ன செய்வாய்? எழுதுவதற்காக வேலையை விட்டு வந்த அந்த ஆபீசுக்கே திரும்பிப் போய் நிற்பாயா? வார்த்தைக் கணக்கை விட்டுத் தள்ளு. முழு வேலைக்கும் ஒரே தொகை சொல், பாதியை முன்பணமாகக் கேள், சொன்ன பிறகு எதிராளி வாய் திறக்குமுன் நீயே குறைக்காதே. எவ்வளவு என்பது எனக்குத் தெரியாது, அது உனக்குத்தான் தெரியும். தொகையை எழுதும்போது என் முகத்தை மட்டும் நினைக்காதே. கோபித்துக்கொண்டு அவர் வேறு சலூனுக்குப் போனால் போகட்டும். ஊரில் தலைக்கா பஞ்சம்?

நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். கண்ணாடி மாற்ற டாக்டரிடம் போ. எனக்கு உடனே பதில் போட வேண்டாம், அவருக்குத் தொகையைச் சொல்லிவிட்டு அப்புறம் போடு.

உன்னை நினைத்துப் பூரித்துப் போயிருக்கும்,
அப்பா