பேண்ட் இடுப்பைப் பிரிச்சு விடணும்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? தையல் மெஷினை நாள் முழுக்க மிதிக்காதே. எனக்கு ஒரு குறையும் இல்லை, தூக்கம்தான் பிடிப்பதில்லை.

இங்கே ஒரு தையல் கடையின் இணையதளத்தை கூகுள் தேடலில் முன்னால் கொண்டுவரும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். அதில் 'நவீன ஆடை வடிவமைப்பு மையம்' என்று போட்டிருந்தது. தொப்பை போட்டவன் அப்படியா தேடுவான்? உன்னிடம் வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பதையே எழுதினேன்: 'பேண்ட் இடுப்பைப் பிரிச்சு விடணும்.' ஒரே மாதத்தில் கடை முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. போன் ஓயவில்லை.

நேற்று கடைக்காரர் கத்திக்கொண்டே வந்தார். "ஏம்மா, என் கடை என்ன கிழிசல் தைக்கிற கடையா?"

எங்கள் மேனேஜர் உடனே அவர் பக்கம் சாய்ந்தார். "தரமில்லாத பேச்சு. மாத்து, இல்லன்னா இந்த மாசத்தோட கிளம்பு."

"அந்தப் பேச்சு பேசுறவங்கதானே சார் இவருக்குப் போன் பண்றாங்க?" என்றேன். அவ்வளவுதான், சண்டை ஒன்றுமில்லை, பயப்படாதே. போன் செய்பவர்களின் காசு இனிக்கிறது, பேச்சு மட்டும் கசக்கிறது இவர்களுக்கு. நான் மாற்றப்போவதில்லை.

சட்டைக்கும் பாவாடைக்கும் வருகிறவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பு. நீளமாகவே பேசு, மெஷின் சத்தம் கேட்டாலும் பரவாயில்லை. இந்த வேலை கையில் இருந்தால் கடையின் இணையதளத்தில் ஏற்றுவேன். இல்லாவிட்டால் சும்மா கேட்டுக்கொண்டிருப்பேன்.

பஸ் வந்துவிட்டது.

உன் மகள்