'நொண்டி வாத்து'க்குப் போட்டியாக ஒரு பம்பு

மார்ச் 4, செவ்வாய்

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், ஆர்ட்லி கிராமம், மில் தெரு, எங்கள் வீட்டு மின்கெண்டி இன்று காலை காலமானது. வாழ்நாள் முழுக்கக் கொதித்ததே தவிர யாரிடமும் கோபித்ததில்லை. அப்பா தண்ணீர் ஊற்றாமல் சுவிட்சைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றார். அடி கருகிப் புகை வந்த பிறகும் நின்றார். இறுதிச் சடங்கைக் குப்பைத்தொட்டியில் நானே நடத்தினேன்.

அம்மா போய் மூன்று வாரம். ரொம்ப தூரமெல்லாம் போகவில்லை. தெருமுனை 'நொண்டி வாத்து' பப்பின் மாடிக்கு. பப்புக்காரர் ட்ரெவரோடு. ஊரில் இருப்பதே அந்த ஒரு பப்தான். சாயங்காலமானால் அப்பா அங்கே போய் ஒரு கிளாஸ் ஏல் பீர் குடித்து, நாலு பேரோடு வாயாடிவிட்டு வருவார். ஆக, அவருக்கு அம்மாவும் போனாள், பீரும் போனது, பேச்சும் போனது.

மார்ச் 5

'வாத்து' வாசலில் ஒரு சாக்பீஸ் பலகை இருக்கும். 'இன்றைய ஸ்பெஷல்' என்பதற்குக் கீழே இருந்ததை அழித்து, 'அடுத்தவன் பெண்டாட்டி' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு ஓடினேன். மூலையில் நின்று வேடிக்கை பார்த்தேன். வெளியே வந்தது ட்ரெவர் இல்லை, அம்மா. படித்தாள். சட்டைக் கையாலேயே துடைத்தாள்.

வயிறு வலிக்கச் சிரிப்பதாகத்தான் திட்டம்.

மார்ச் 7

அப்பாவுக்கு பாட்டில் பீரைத் திறந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். "இது பீர் இல்லடா, நெட். செத்துப்போன பீர்." மிச்சம் சிங்க்கில்.

அவருக்கு வேண்டியது பீப்பாயில் உயிரோடு இருப்பது. கைப்பம்பால் இழுத்து ஊற்றியது. அது 'வாத்'தில்தான் கிடைக்கும். அங்கே அவர் போகமாட்டார். சரி, பம்பு இங்கே வரட்டும்!

கொல்லையில் துருப்பிடித்து நிற்கும் கேரவன் வண்டியில், சிங்க் பக்கத்தில் ஒரு கைப்பம்பு இருக்கிறது. பிரியோனியிடம் சொன்னேன். என் வகுப்புதான், என்னைக் கேவலப்படுத்துவதில் முதல் ரேங்க்.

"பம்பு பண்ணிடுவே. பீப்பாய்க்கு எங்க போவே, மேதாவி?"

"உங்கண்ணன் பீர் காய்ச்சற ப்ரூவரிலதானே வேலை பாக்கறான்?"

"ஓ, அதான் இன்னிக்கு எனக்கு சிப்ஸ் வாங்கித் தந்தியா, திருட்டுப் பயலே!"

மார்ச் 9

கேரவன் பம்பைக் கழற்றியாயிற்று. உடைந்த கிரிக்கெட் மட்டையின் பிடியை அறுத்துக் கைப்பிடியாக்கினேன். செம்புக் குழாயை வாத்துக் கழுத்தாக வளைத்தேன் (ஹா!). பக்கெட் தண்ணீரில் சோதனை. முதல் இழுப்பிலேயே கூரைவரை அடித்தது. பிரியோனிக்குத் தலைக்குளியல்.

"பம்பு பண்றேன்னு வம்பு பண்றே நீ" என்றாள். நான் சொல்லியிருக்க வேண்டிய வசனத்தை என்னிடமே சொல்கிறாள்.

மார்ச் 13

குட்டிப் பீப்பாய் வந்துவிட்டது. அவள் அண்ணன் அதைக் கொட்டகையில் படுக்கவைத்து, இருபுறமும் ஆப்பு வைத்து, மேல் ஓட்டையில் மரக்குச்சி செருகினான். "உங்கப்பா கேட்டாரு, குடுத்தேன்னுதான் கணக்கு, தெரியுதா? உள்ள ஈஸ்ட் இன்னும் உசிரோட இருக்கு. அது அடியில படியணும். சனிக்கிழமை வரைக்கும் தொடாதே. தும்மக்கூடச் செய்யாதே." கேட்டுக்கொண்டேன், நல்ல பிள்ளையாக.

மார்ச் 15, சனி

எப்படி ஆரம்பிப்பது.

அப்பாவைக் கொட்டகைக்குக் கூப்பிட்டேன். "குளிருதுடா." மறுபடி கூப்பிட்டேன். கதவுவரை வந்தார். உள்ளே அம்மாவின் சைக்கிள். திரும்பிப் போய் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அதனால் பீப்பாயை அவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். நானும் பிரியோனியும். மெதுவாகத்தான். ரெண்டே படிதான். கடைசிப் படியில் அவள் கால் சறுக்கியது, பீப்பாய் ஒரு குலுங்கு குலுங்கியது, அவ்வளவுதான்!

மேஜையில் பம்பு. நான் "சீமான்களே, சீமாட்டிகளே" எல்லாம் சொன்னேன். இழுத்தேன். கிளாஸில் வந்தது மழைக்கால ஆறு. ஒரே கலங்கல், சேறு.

அப்பா கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தூக்கிட்டு வந்தீங்களா?"

"ரெண்டு படிதான்ப்பா."

"ம்."

திட்டவில்லை. பிரியோனியிடம், "உங்கண்ணனுக்குத் தாங்க்ஸ் சொல்லும்மா" என்றார். சிங்க்கில் கொட்டினார், கிளாஸைக் கழுவினார், மாடிக்குப் போய்விட்டார்.

திட்டித் தொலைச்சிருக்கலாம்ல? ஒரு அறை விட்டிருக்கலாம்ல? நான் என்னதான் பண்றது?

மார்ச் 16

சூப் வைத்தேன். அப்படியே இருக்கிறது.

மார்ச் 19, புதன்

வெற்றி! பீப்பாய் மறுபடி படிந்து தெளிந்துவிட்டது. என் பம்பு ஒரே இழுப்பில் பொன்னிற ஏலைக் கறந்தது, மேலே விரல் கனத்துக்கு நுரை. அப்பா முழு கிளாஸையும் குடித்தார். மேலுதட்டில் நுரை மீசை. "நல்லாருக்கு" என்றார். ஐந்து வாரத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. யார்க்‌ஷயரின் மாபெரும் பொறியாளர் நெட் ஆக்ராய்டுக்கு ஊர் மத்தியில் சிலை வைக்கலாம். புறாக்களுக்கு மட்டும் அனுமதி இல்லை.

மார்ச் 20

சிலையை நிறுத்திவைக்கவும்.

பீப்பாய் தெளியவில்லை. புளித்துவிட்டது. பம்பின் ரப்பரும் கிழிந்துவிட்டது, இழுத்தால் காற்றுதான் வருகிறது. நேற்று நான் 'வாத்து'க்கு ஓடினேன். ட்ரெவர் இல்லை. அம்மா மட்டும். "பம்பை டெஸ்ட் பண்ணணும்" என்றேன். என்ன பம்பு, யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. "உனக்கில்லைன்னு சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன். "சாப்பிடறாரா?" என்றாள். தோளைக் குலுக்கினேன். பப் ஜக்கு ஒன்றில் இழுத்து நிரப்பிக் கொடுத்தாள்.

வீட்டில் அப்பா கை கழுவப் போனபோது கிளாஸில் ஊற்றிவிட்டு, அவர் வந்ததும் கைப்பிடியைச் சும்மா இழுத்து நடித்தேன். நன்றாகத்தான் நடித்தேன்.

இன்று காலை அப்பா டோஸ்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ட்ரெவர் தெக்கத்திக்காரன். நம்ம வடக்கத்தி ஆளுங்க மாதிரி குழாய் முனையில சல்லடை மூடி மாட்டமாட்டான். நுரையே வராது அவனுக்கு. நேத்து சல்லடை போட்டு இழுத்திருக்கு."

ஊரிலேயே பெரிய வாய் என்னுடையது. அதில் டோஸ்டைத் திணித்துக்கொண்டேன்.

"எப்படி இருக்கா உங்கம்மா?"

"ம். இருக்காங்க."

ஜக்கைக் கழுவித் துடைத்தார். "நானே குடுத்துட்டு வரேன்." கோட்டைப் போட்டார். கதவைத் திறந்தார். கொஞ்ச நேரம் நின்றார். ஜக்கை என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலிக்கே போய்விட்டார், கோட்டோடு.

நான் போனேன். அம்மா ஜக்கை வாங்கிக்கொண்டு, "பம்பு வேலை செஞ்சுதா?" என்றாள்.

சூப்பரா, என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்லம்மா" என்றேன். "காத்துதான் வருது."

 இழுப்பறையிலிருந்து சல்லடை மூடியை எடுத்துக் குழாயில் திருகினாள். ஜக்கைக் குழாய்க்குக் கீழே வைத்தாள்.