மலையடிவாரத்திலிருந்து வந்த போன்

என்னங்க,

சிங்காரவேல் அண்ணன் ஷிப்ட் முடிந்து பைக்கில் மலைக்குக் கிளம்புகிறார். அங்கே போன் எடுக்காது என்பதால் இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் லீவை நீட்டச் சொல்லி மைன்ஸில் அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். முதலில் சாப்பிடுங்கள், பிறகு படியுங்கள்.

நீங்கள் திட்டியதால்தான் அறிவழகன் போனான் என்று புலம்பிக்கொண்டு, அந்தக் காலத்தில் லாரிகள் மரம் இறக்கிய கூப்பு ரோடுகளில் பதினோரு நாளாக நம் மகனைத் தேடி நடக்கிறீர்கள்.

அவன் வீட்டை விட்டுப் போன அன்று மதியம் மலையடிவாரத்திலிருந்து எனக்குப் போன் செய்தான்.

"கூப்பு ரோடெல்லாம் புதர் மண்டிக் கெடக்குதும்மா. திரும்பி வந்துடட்டுமா? அப்பா இன்னும் கோவமா இருக்காரா?"

நீங்கள் கோபமாக இல்லை. முத்தாண்டிக்குப்பத்தில் வாங்கிய பலாப்பழத்தை அவனுக்காக அறுத்துக்கொண்டிருந்தீர்கள். காண்ட்ராக்ட் வேலையை நம்மிடம் சொல்லாமல் விட்டுவிட்டானே என்று கோபம் எனக்குத்தான். "இப்ப அப்பா மூஞ்சியில முழிக்காத. ரெண்டு நாள் மலையிலயே சுத்திட்டு வா" என்று சொல்லிவிட்டேன். இத்தனை நாளும் உங்களிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

இன்று காலை வனத்துறையிலிருந்து கூப்பிட்டார்கள். இடிந்த மரப்பாலத்துக்குக் கீழே, பள்ளத்தில் அவன் பைக் கிடக்கிறதாம். அவன் அங்கே இல்லையாம். 'இல்லை' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

நீங்கள் தனியாக அந்தப் பள்ளத்தில் இறங்காதீர்கள். மலர்விழி சென்னையிலிருந்து வந்ததும் அம்மாவும் மகளுமாக பஸ் ஏறிவிடுவோம். அதுவரை மேலே நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள். உங்கள் குரல் கேட்டால் வருவான். என் குரலுக்கு வருவானா என்று எனக்குத் தெரியவில்லை.

அவனைப் பெற்றவள்