ஒன்பது நாள் விட்ட மாத்திரை

அன்புள்ள நீல்ஸுக்கு அம்மா எழுதுவது. அந்த டூசான் பாலைவன வெயிலில் நீ சுகமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கே நான் இருக்கிறேன், உன் அப்பா உயிரோடு இருக்கிறார், சுகத்தைப் பற்றி அதற்கு மேல் எழுத எனக்கு மனசில்லை. எட்டு நாளாக உன் போனில் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. அதனால்தான் நாளைக்கே கையில் கிடைக்கிற தபாலில் இதைப் போடுகிறேன். தபால்காரனிடம் வாங்கமாட்டேன் என்று சொல்ல உனக்கு வாய் வராது.

உன் அப்பாவின் இதயம் ஏற்கெனவே பாதி பலத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது, அது உனக்குத் தெரியும். தினமும் காலையில் நீர் பிரியும் மாத்திரை, பிறகு எடை பார்ப்பது, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் அதை எழுதுவது, ஒரே நாளில் மூன்று பவுண்டு ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்வது, இவ்வளவுதான் அவருக்கு இருந்த வேலை. ஜனவரியில் ஏரி நன்றாக உறைந்ததும் மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆர்வில் மாமாவின் மீன்பிடிக் குடிசையைப் பனிமேல் இழுத்துப் போட்டு, பனியில் துளையிட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்துவிட்டார்கள். காலையில் ஏழு மணிக்குப் போனால் இருட்டும்போதுதான் வருவார். நானும் பேசாமல் இருந்தேன், ஆண்பிள்ளை நாலு பேரோடு உட்கார்ந்து சிரித்தால் நல்லதுதானே என்று. தாளில் தினமும் இருநூற்று மூன்று, இருநூற்று மூன்று என்று ஒன்பது நாள் ஒரே எண். எப்படி ஒரு மனுஷனின் எடை இம்மி அசையாமல் நிற்கும் என்று எனக்குத் தோன்றவேண்டாமா? தோன்றவில்லை. அந்தக் கோபம் என்மேலேயே எனக்கு இருக்கிறது, அதை நீ எடுத்துக்கொள்ளவேண்டாம், உனக்கு வேறு வைத்திருக்கிறேன்.

நடந்தது என்னவென்று ஆர்வில் மாமா பிறகுதான் வாயைத் திறந்தார். மாத்திரையைப் போட்டால் அரைமணிக்கு ஒரு தடவை வெளியே போகவேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி, மேலே மூன்று கால்சட்டை, அதற்கும் மேலே தோள்பட்டை வரைக்கும் அந்தத் தடித்த பனி உடுப்பு, எல்லாவற்றையும் அவிழ்த்து மாட்டுவதற்குள் மீன் தூண்டில் இரையைத் தின்றுவிட்டுப் போய்விடும். முதல் நாளே அந்தக் கிழவர்கள், "என்னய்யா வெண்டல், குழாயை மூடவே மாட்டியா, கதவைத் திறந்து திறந்து எங்களைக் கொல்றியே" என்று உன் அப்பாவைக் கேலி செய்திருக்கிறார்கள். மறுநாளிலிருந்து ஐயா மாத்திரையை நிறுத்திவிட்டார். சாப்பாடு வேறு கேட்கவேண்டாம், ஊறவைத்த ஹெர்ரிங் மீன், ஹாம் இறைச்சி வைத்த ரொட்டி, டப்பா சூப், எல்லாம் உப்பு மூட்டை. எடை எந்திரத்தின் மேல் நிற்கும்போது எண் ஏறாமலிருக்கத் துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார், அதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார், என்ன சாமர்த்தியம் பார்.

மாத்திரை விட்ட ஒன்பதாம் நாள் மத்தியானம் குடிசைக்குள் உட்கார்ந்தபடியே மூச்சு விட முடியாமல், உதடு நீலம் பாய்ந்து, "ஆர்வில், கதவைத் திற, காத்தே இல்ல" என்றாராம். கதவு திறந்துதான் இருந்ததாம். ஆர்வில் மாமா அவரை வண்டியில் தூக்கிப் போட்டுப் பனிமேலேயே கரைக்கு ஓட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்த்தால் இருநூற்றுப் பதினேழு. பதினாலு பவுண்டு தண்ணீர், நீல்ஸ், காலிலும் வயிற்றிலும் நுரையீரலிலும். மறுநாள் நான் பக்கத்தில் இருக்கும்போதே திரையில் ஓடுகிற கோடு ஒழுங்கு தப்பி மரம் அறுக்கும் வாள் மாதிரி மேலும் கீழும் குதித்தது. பதினொரு விநாடி. அவர் கண் செருகியதை நான் பார்த்தேன். தானாகத் திரும்பியது, அடுத்த தடவை திரும்பும் என்று சொல்ல முடியாது என்கிறார் இதய டாக்டரம்மா. இதயத்தின் பலம் இப்போது நூற்றுக்கு இருபத்திரண்டு பங்குதான். நெஞ்சில் காறை எலும்புக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி வைத்துவிட்டால், தாளம் தப்பும்போது உள்ளிருந்தே ஒரு மின்சார அடி கொடுத்துச் சரிசெய்துவிடுமாம். வெள்ளிக்கிழமை வைக்க நாள் குறித்தாயிற்று. உன் அப்பா கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். கையில் ஊசி குத்தியிருக்கிறது, ஆர்விலுக்கு ஒரு பதில் அனுப்பு என்று அவர் தன் போனை என்னிடம் கொடுத்தார். அதில் உன் செய்தி இருந்தது. "ஒரு நாள்தானே அப்பா, விட்டா ஒண்ணும் ஆகாது. அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க." படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ யார் நீல்ஸ், தெருவில் போகிறவனா? மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கிறவன். ஊரார் வீட்டுக் கிழவர்களுக்கெல்லாம் எந்த மாத்திரையை எப்போது போடவேண்டும் என்று விரல் நீட்டிச் சொல்கிறவன். ஆர்வில் சொல்லியிருந்தால் உன் அப்பா சிரித்துவிட்டுப் போயிருப்பார். நீ சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டு, "என் பையனே சொல்லிட்டான்யா, அவனுக்குத் தெரியாத மருந்தா" என்று குடிசை முழுக்கப் பெருமை அடித்திருக்கிறார். ஒரு நாள் என்று நீ சொன்னது ஒன்பது நாளானது அவர் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் மறைக்கச் சொன்னது யார் தப்பு? என் காதில் விழுந்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்காதா? இதையெல்லாம் செய்துவிட்டு, அப்பா ஆஸ்பத்திரியில் என்று நான் உன் போனில் பதிந்துவைத்ததைக் கேட்டும் எடுக்காமல், பூங்கூடைக்குப் பதிலாக ஒரு தின்பண்டக் கூடை அனுப்பியிருக்கிறாய் பார், உப்பு முந்திரி, புகைபோட்ட தொத்திறைச்சி, பாலாடைக்கட்டி! இதய நோயாளிக்கு! அப்படியே நர்சுகளிடம் கொடுத்துவிட்டேன், அவர்களும் சிரித்தார்கள்.

டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் உன் அப்பா, "யாரும் சொல்லலம்மா, என் கொழுப்புதான்" என்றார். நாற்பத்தைந்து வருஷத்தில் இந்த மனுஷன் என்னிடம் இவ்வளவு நேர்த்தியாகப் பொய் சொன்னதே இல்லை. செய்தியைப் பார்த்துவிட்டேன் என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டால் என்னிடம் ஒவ்வொரு நாளும் ஒரு காரணம், பெட்டி வைத்தால் வெல்டிங் செய்ய முடியாது, வண்டி ஓட்ட விடமாட்டார்கள், இந்த வயதில் எதற்கு. நேற்று மத்தியானம் காப்பி வாங்கிக்கொண்டு வரும்போது, திரைக்கு அந்தப் பக்கம் நர்சுப் பெண்ணிடம் அவர் பேசியது கேட்டது. "சட்டையைக் கழட்டினா மேடா தெரியுமில்லம்மா? கோடையில என் பையன் வருவான், ஏரியில நீந்துவோம். அதைப் பார்க்கிறப்பல்லாம் நாமதான் அப்பாவுக்கு இதைப் பண்ணிட்டோம்னு நினைப்பான். வேணாம்மா." காப்பிக் கோப்பையோடு நடையிலேயே நின்றுவிட்டேன்.

ஆகவே நீ வரவேண்டும். போன் வேண்டாம், போனில்தான் இவ்வளவும் நடந்தது. வியாழக்கிழமைக்குள் வந்து, அவர் கட்டிலில் உட்கார்ந்து, "வச்சுக்குங்கப்பா, நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்று உன் வாயால் சொல். மன்னிப்புக் கேட்டு அழுதால் அவர் உனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார், அதற்கெல்லாம் அவர் இதயத்தில் இப்போது தெம்பு இல்லை. என்னிடம் திட்டு வாங்குவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், நான் எங்கும் ஓடிப்போகவில்லை. கனமான கோட்டு எடுத்துக்கொள், அங்கே போடுகிற சட்டை இங்கே கைக்குட்டைக்குக்கூட ஆகாது. விமான நேரத்தை ஆர்வில் மாமாவுக்குச் சொல், அவர் வந்து நிற்பார். கர்த்தர் உன்னை வழியில் காக்கட்டும். நீ வராவிட்டால் அவர் உனக்காகவே செத்துப்போவார் நீல்ஸ், அதையும் உன்னிடம் சொல்லாமலேயே செய்வார்.

கோபம் குறையாத உன் அம்மா,
லோர்னா