கோட்டையிலிருந்து தெரிந்த சட்டை

என்னங்க,

எதிர்வீட்டு அக்காவோடு மலைக்கோட்டைக்குப் போயிருந்தேன். "உன் வீட்டுக்காரர் வரலையா?" என்றாள். "வேலை இருக்காம்" என்றேன், வழக்கம்போல.

இடிந்த சமையற்கூடத்தில் வழிகாட்டி சொன்னார்: "முற்றுகையில தானியமெல்லாம் தீர்ந்துபோச்சு. அப்பவும் தினமும் வெறும் அடுப்பை மூட்டிப் புகை விட்டாங்க. உள்ள எல்லாம் நல்லா இருக்குன்னு எதிரி நம்பணும்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் வெளியே நடந்தேன்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எனக்கு உங்கள் நீலச் சட்டை இருந்தது. நீங்கள் வீட்டைவிட்டுப் போனதிலிருந்து தினமும் அதை நனைத்து மாடிக் கொடியில் காயப்போடுகிறேன்.

சரிந்த மதிலருகே நின்று கீழே பார்த்தேன். நம் மாடியில் நீலச் சட்டை கையசைத்தது. நீங்கள்தான் என்று மூச்சிரைக்க இறங்கி ஓடிவந்தேன்.

வாசலில் பூட்டு, நான் பூட்டியபடியே தொங்கியது.

இப்படிக்கு,
புகையைக் கண்டு ஏமாந்தவள்