வலிப்பு வராத ஒரு கோடு

அக்கா,

இன்று காலை பதுளையில் என் வாடகை அறையைப் பூட்டப் போனேன். மழை ஈரத்தில் பூட்டு இறுகிக் கிடந்தது. சாவியைத் திருகித் திருகிப் பூட்டியபின் உள்ளங்கையை முகர்ந்தேன். இரும்பு வாசம். வலிப்பு அடங்கி நீ எழும்போது உன் கையில் இருக்குமே, அதே வாசம். வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில், நம் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கு வலிப்பு வந்தாலும் முதலில் இரும்பைத்தானே தேடுவார்கள். "ஐயோ, யாராச்சும் சாவிய குடுங்க!" என்று அம்மா கத்துவாள். யாராவது ஓடி வந்து உன் விரல்களைப் பிரித்துச் சாவியைத் திணிப்பார்கள். துடிப்பு தானாகத்தான் அடங்கியிருக்கும். சாவி அடக்கியதாக நம்பினோம். கண் விழித்ததும் நீ கேட்பது ஒன்றுதான்: "இன்னிக்கு யாரு வீட்டு சாவி? வீடு தொறந்து கெடக்குமே!"

ஆஸ்பத்திரியில் உன் தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின்னலைகளை எடுத்தார்களே, அன்று பிடித்த பைத்தியம் எனக்கு. இப்போது அந்த அலைகளைச் சமன்பாடுகளாக்கிக் கணினியில் ஓட்டுகிறேன். நல்ல மூளையின் கோடு ஒழுங்கில்லாமல் அலைகிறது, அக்கா. வலிப்பில்தான், காலைப் பெரட்டில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும் ஆட்களைப் போல, எல்லாம் ஒரே வரிசைக்கு வந்துவிடுகிறது.

அந்தக் கடைசி நாளில், "தங்கச்சி, அரிசி கொதிச்சா எறக்கி வையி. இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான், மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குக் குடத்தோடு போனாய். பீலிக்குக் கீழே தேங்கிய கணுக்கால் அளவுத் தண்ணீரில், வலிப்பு வந்து விழுந்து, முகம் கவிழ்ந்து கிடந்தாய். பக்கத்தில் ஒருத்தரிடமாவது சாவி இருந்திருக்கக் கூடாதா என்று அம்மா இன்றும் தலையில் அடித்துக்கொள்கிறாள். சாவியால் ஒன்றும் ஆகியிருக்காது என்று நான் சொல்வதில்லை. அதையும் பிடுங்கிவிட்டால் அவளுக்கு என்ன மிஞ்சும்?

எனக்கும்தான் என்ன மிஞ்சியது? வலிப்பு வருவதைக் கொஞ்சம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவும் படித்தேன். கணினிக்குக் கொடுக்கும் தொடக்க எண்ணில் கடைசித் தசமம் மாறினாலே கோடு வேறெங்கோ போய்விடுகிறது. உயிருள்ள மூளையில் அந்தத் தசமத்தை யார் அளப்பது? என்னால் முடியவில்லை, அக்கா. முடியவே இல்லை.

நேற்று ஆத்திரத்தில் அந்தக் கடைசி இலக்கத்தை மாற்றிவிட்டேன். வலிப்பு வர வேண்டிய இடத்தில் வரவில்லை. கோடு கோணல்மாணலாக ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஓட்டத்தில் நீ குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துக்கு வந்துவிட்டாய். அரிசி அப்போதுதான் கொதித்தது.

அதை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. பூட்டிய அறைக்குள் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சாவியை விடாமல் பிடித்திருக்கிறேன்.